சக்கரங்களின் மேல் ஒரு வீடு: வாங்குமுன் எண்ண வேண்டியவை

வெள்ளிக்கிழமை மாலை வந்துவிட்டால் பெங்களூரை விட்டு வெளியேறும் சாலைகள் யாவும் நிரம்பி வழிகின்றன. மைசூரு சாலை குடகை நோக்கியும், தும்கூர் சாலை சிக்கமகளூரை நோக்கியும், ஓசூர் சாலை ஏலகிரியையும் ஏற்காட்டையும் நோக்கியும் குடும்பங்களை ஏற்றிச் செல்கின்றன. அந்த நெரிசலின் நடுவே அண்மைக் காலமாகப் புதிய உருவங்கள் சில கண்ணில் படுகின்றன: காரின் பின்னே இழுபட்டுச் செல்லும் சிறு பெட்டி போன்ற டிரெய்லர், ஜீப்பின் கூரைமேல் மடித்து வைக்கப்பட்ட கூடாரம், படுக்கையும் அடுப்பும் பொருத்தப்பட்ட வேன்.

பயணத்தில் வீட்டையே உடன் கொண்டு செல்வது நமக்குப் புதிதன்று. கூண்டு வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, கட்டுச்சோற்று மூட்டையுடன் குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற தலைமுறையினரின் நினைவு இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. மேலை நாட்டில், 1885ஆம் ஆண்டில் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவ எழுத்தாளர் இரு குதிரைகள் இழுக்கும் ‘வாண்டரர்’ என்ற வண்டியைப் பொழுதுபோக்குப் பயணத்திற்கெனவே கட்டச் செய்து நாட்டைச் சுற்றினார். இன்றைய கேரவன்களின் முன்னோடியாக அவ்வண்டி கருதப்படுகிறது. தமிழர்களுக்குக் ‘கேரவன்’ என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியே நினைவுக்கு வரும். அந்தச் சொல் இப்போது நடுத்தரக் குடும்பங்களின் கனவுப் பட்டியலிலும் இடம்பெறத் தொடங்கியுள்ளது.

கனவு நல்லதே. ஆயினும் அதன் விலை பல லட்ச ரூபாய். பணி ஓய்வுப் பலன்களிலிருந்தோ கடனாகவோ அத்தொகையைத் திரட்டுவோர், பெரும்பாலும் படுக்கையின் அகலத்தையும் சமையல் மேடையின் பளபளப்பையும் பார்த்தே முடிவெடுக்கின்றனர். வாங்கிய பின்னர் அவர்களை வாட்டுபவையோ வேறு. வண்டி எத்தனை இரவுகள் பயன்படுகிறது, எவ்வளவு எடை கொண்டுள்ளது, அதன் ஆவணங்கள் செல்லுபடியாகுமா என்னும் மூன்று கேள்விகளே இக்கொள்முதலின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றன. அம்மூன்றையும் இக்கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம்.

பெயர்களும் வகைகளும்

முதலில் சொற்களில் உள்ள குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். நம் நாட்டில் ‘கேம்பர்’ என்ற பெயரைத் தாங்கிய வண்டி ஒவ்வொன்றும் தங்குவதற்கு உரியதன்று. எடுத்துக்காட்டாக, மஹிந்திரா பொலேரோ கேம்பர் என்பது இரு வரிசை இருக்கைகளும் பின்புறத்தில் சரக்குத் தட்டும் கொண்ட பிக்கப் வண்டி. அதில் படுக்கையோ அடுப்போ இல்லை.

வெளியிடப் பயணத்திற்குரியவற்றை ஐந்து வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, காரின் டிக்கியில் அடங்கிவிடும் சாதாரணக் கூடாரம். இரண்டாவது, காரின் மேற்கூரையில் பொருத்தும் கூடாரம். இதன் எடையே ஏறத்தாழ 50 முதல் 75 கிலோ வரை இருக்கும். பல கார்களின் கூரை ஓட்டத்தின்போது தாங்கக்கூடிய எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால், காரின் கையேட்டில் கூரைச் சுமை வரம்பைப் பார்த்த பின்னரே வாங்க வேண்டும். மூன்றாவது, நீர்த்துளி வடிவிலான சிறு டிரெய்லர். உள்ளே இருவர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. நான்காவது, நின்று நடமாடும் உயரமும் கழிவறையும் கொண்ட முழு கேரவன் டிரெய்லர். ஐந்தாவது, வேன் அல்லது சிறு பேருந்தின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்படும் இயந்திர ஊர்தி. சட்டமொழியில் இதற்கு ‘மோட்டார் கேரவன்’ என்று பெயர். இருக்கைகளும் மேசையும், படுக்கை வசதி, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகிய நான்கும் இருந்தால்தான் ஒரு வண்டி மோட்டார் கேரவன் ஆகும்.

டிரெய்லரின் சிறப்பு, முகாமில் அதைக் கழற்றி நிறுத்திவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றலாம் என்பது. அதில் பழுதாவதற்கு இயந்திரமும் இல்லை. வேனின் சிறப்பு, ஓட்டுவதும் பின்னோக்கி எடுப்பதும் எளிது என்பது. மழையில் நனையாமல் ஓட்டுநர் இருக்கையிலிருந்து படுக்கைக்குச் சென்றுவிடலாம். ஆனால் காலையில் பால் வாங்கச் செல்வதற்கும் வீடு முழுவதையும் கிளப்பியாக வேண்டும்.

எத்தனை இரவுகள்?

நாட்காட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, கடந்த ஆண்டில் தங்கள் குடும்பம் ஊரை விட்டு வெளியே தங்கிய இரவுகளை எண்ணிப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கும் சொந்த ஊர்த் திருவிழாக்களுக்கும் சென்ற இரவுகளை அதிலிருந்து கழித்துவிட வேண்டும். எஞ்சும் எண் பலருக்கு வியப்பளிக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இதில் வரும் விலையும் வட்டியும் விளக்கத்திற்காக மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டவை. டிரெய்லரின் விலை 15 லட்சம் ரூபாய் என்க. கைப்பணம் 5 லட்சம். 10 லட்சம் கடன். ஆண்டு வட்டி 10 விழுக்காடு. தவணைக் காலம் 5 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ 21,247 ரூபாய். ஐந்தாண்டுகளில் தவணையாகச் செலுத்துவது சுமார் 12.75 லட்சம். கைப்பணத்தையும் சேர்த்தால் 17.75 லட்சம். காப்பீடு, நிறுத்துமிடம், பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 60,000 என வைத்தால் மேலும் 3 லட்சம். மொத்தம் 20.75 லட்சம். ஐந்தாண்டின் முடிவில் வண்டி 6 லட்சத்திற்கு விலைபோனால் நிகரச் செலவு 14.75 லட்சம்.

ஆண்டுக்கு 20 இரவுகள் பயன்படுத்தினால் ஐந்தாண்டில் 100 இரவுகள்; ஓர் இரவின் செலவு 14,750 ரூபாய். ஆண்டுக்கு 60 இரவுகள் பயன்படுத்தும் குடும்பத்திற்கு அதே வண்டியில் ஓர் இரவின் செலவு 4,917 ரூபாய். வண்டி ஒன்றே, விலையும் ஒன்றே. வேறுபாடு பயன்பாட்டில்தான் உள்ளது. இதே கணக்கைத் தங்கள் எண்களைக் கொண்டு போட்டு, ஒரு நல்ல விடுதி அறையின் கட்டணத்தோடும் வாடகைக் கேரவனின் கட்டணத்தோடும் ஒப்பிட்டால் விடை தானே விளங்கும்.

ஆகவே எங்கள் முதல் பரிந்துரை இதுதான்: வாங்குமுன் வாடகைக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். பெங்களூரில் கேம்பர் வேன்களை வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் உள்ளன. கேரளத்திலும் 2021ஆம் ஆண்டில் அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. மறு ஆண்டிலேயே வாகமண்ணில் அம்மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. ஒரு முறை வறண்ட பருவத்திலும் ஒரு முறை மழைக்காலத்திலும் குடும்பத்துடன் இரண்டிரண்டு இரவுகள் தங்கிப் பார்த்தால், விற்பனையாளர் எவரும் சொல்லாத பாடங்கள் கிடைத்துவிடும். பாட்டிக்குப் படி ஏற இயலுமா, மழை கூரையில் தட்டும் ஓசையில் குழந்தை உறங்குமா என்பவற்றுக்கு விலைப்பட்டியலில் விடை இராது.

‘நாங்கள் பயன்படுத்தாத நாட்களில் வாடகைக்கு விட்டுத் தவணையைக் கட்டிவிடுவோம்’ என்று எண்ணுவோரும் உண்டு. சொந்தப் பயன்பாட்டிற்கான கேம்பர் வேனும் டிரெய்லரும் போக்குவரத்து அல்லாத ஊர்திகள் எனும் பிரிவில் அடங்கும். அவ்வாறு பதிவான வண்டியைக் கட்டணம் பெற்று வாடகைக்கு விட இயலாது. அதற்கு வணிகப் பதிவும், அனுமதியும், அதற்கேற்ற காப்பீடும் தேவை. தனிப்பதிவு வண்டி வாடகை ஓட்டத்தில் விபத்துக்குள்ளானால், இழப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படவே வாய்ப்பு மிகுதி.

எடையே முதல் விதி

டிரெய்லரைப் பொறுத்தவரை அழகைவிட எடையே முதன்மையானது. இரண்டு எண்களைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்: வெற்று எடை, முழுச் சுமையுடன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இவ்விரண்டின் வேறுபாடே நாம் ஏற்றக்கூடிய பொருளின் எடை. இந்திய வகைப்பாட்டில் மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்படாதவை டி1 டிரெய்லர்கள்; 750 கிலோவுக்கு மேல் 3,500 கிலோ வரை டி2.

மொத்த எடை 750 கிலோவும் வெற்று எடை 550 கிலோவும் உடைய சிறு டிரெய்லர் ஒன்றை எண்ணிக்கொள்வோம். ஏற்றக்கூடியது 200 கிலோ. இது தாராளம் என்றே தோன்றும். ஆனால் 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ, மின்கலம் 30, சிறு எரிவாயு உருளை 12, அடுப்பும் பாத்திரங்களும் 15, மெத்தையும் போர்வையும் 15, வெயில் மறைப்புப் பந்தல் 20, உணவுப்பொருள் 20, மேசை நாற்காலிகள் 15. மொத்தம் 187 கிலோ. துணிப்பைகளை இன்னும் ஏற்றவில்லை. எஞ்சியிருப்பதோ 13 கிலோ. முதல் பயணத்திற்கு முன் முழுச் சுமையுடன் லாரிகள் எடை போடும் எடைமேடையில் ஒரு முறை நிறுத்திப் பார்ப்பது சிறு செலவில் பெரும் பாதுகாப்பு.

அடுத்தது இழுக்கும் காரின் ஆற்றல். தங்கள் கார் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பதைக் காரின் கையேட்டில் பார்க்க வேண்டும். இழுவைக்கு ஏற்றதன்று என்று கையேடு கூறினால் அதுவே இறுதி. கொக்கியைப் பொருத்தித் தரும் பட்டறைக்காரரின் உறுதிமொழி அதை மாற்றாது. டிரெய்லர் பயணத்தில் நெடிய அனுபவமுள்ள பிரிட்டனில், புதியவர்கள் இழுக்கும் டிரெய்லரின் எடை காரின் எடையில் 85 விழுக்காட்டிற்கு மேற்பட வேண்டாம் என்று அறிவுறுத்துகின்றனர். 1,700 கிலோ காருக்கு இது 1,445 கிலோ. அங்கு 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோ அல்லது காரின் எடையில் பாதி, இவற்றுள் எது குறைவோ அதற்கு மேற்படலாகாது. நம் மலைச்சாலைகளில் இறங்குவோர் இவ்வரம்புகளைத் தமக்கும் உரியனவாகக் கொள்வது நன்று.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். கனமான பொருள்கள் அச்சுக்கு மேலே, தரையை ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் பாம்புபோல் இருபுறமும் ஆடத் தொடங்கும். ஆடும்போது பிரேக்கை அழுத்தி மிதிப்பதும், ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சரிசெய்ய முயல்வதும் ஆபத்து. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையவிட வேண்டும்.

கொண்டை ஊசி வளைவுகள்

பெங்களூர்வாசிகளின் விருப்பமான இடங்களுள் பல மலைமேல் உள்ளன. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டிற்கு 20, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. பயிற்சி பெற்ற பின் ஏலகிரி டிரெய்லருக்குத் தக்க தொடக்கமாகலாம். கொல்லிமலைக்கோ டிரெய்லரைக் கொண்டு செல்லவே வேண்டாம்; அடிவாரத்தில் விட்டுவிட்டுக் காரில் ஏறுவதே அறிவு. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகை ஏறும் பாதை 36 வளைவுகளும் கடுஞ்சரிவும் கொண்டது. வெளிமாவட்ட வாகனங்களுக்கு அங்குக் கட்டுப்பாடுகளும் உள்ளன. கூடலூர் வழியே உகந்தது.

டிரெய்லருடன் செல்வோரின் வேகம் குறையும். அதற்கேற்ப நேரத்தைத் திட்டமிட வேண்டும். பந்திப்பூர் காட்டினூடே செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்திற்குத் தடை உள்ளது. மாலையில் குண்டலுப்பேட்டையை அடையத் தாமதமானால் அன்றிரவு அங்கேயே தங்க நேரிடும். சத்தியமங்கலம் வழியாகக் கோவை செல்வோர் கடக்கும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளும், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி இரவுநேரத் தடையும் உள்ளன. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்துள்ளது. புறப்படுமுன் அன்றைய விதிகளைச் சரிபார்த்துக்கொள்க.

டிரெய்லரைப் பின்னோக்கி எடுப்பது தனிக்கலை. ஸ்டீயரிங்கை வலப்புறம் திருப்பினால் டிரெய்லரின் பின்பகுதி இடப்புறம் செல்லும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வெற்று மைதானம் ஒன்றில் சில மணி நேரம் பழகிய பின்னரே சாலைக்கு வர வேண்டும்.

ஆவணங்கள்: மறைந்திருக்கும் விலை

எங்களைப் பொறுத்தவரை இக்கட்டுரையின் மையம் இப்பகுதியே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லில் அடங்கும். காரின் பதிவு எண் டிரெய்லருக்குப் போதாது. அச்சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி பதிவும், 146ஆம் பிரிவுப்படி மூன்றாம் நபர் காப்பீடும் அதற்குத் தேவை.

பட்டறையில் இரும்புச் சட்டங்களைப் பற்றவைத்து, மேலே பலகை அடித்து மலிவாகச் செய்து தருவோர் உண்டு. வேலைப்பாடு சிறப்பாகவே இருக்கலாம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் வகைச் சான்று இல்லாத வண்டியைப் பதிவு செய்ய இயலாது. புணேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகாட் போன்றவை அத்தகைய சோதனை நிறுவனங்கள். மோட்டார் கேரவன்களுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலை உள்ளது. விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, ‘என்ன விலை?’ என்பதன்று, ‘வகைச் சான்றின் நகலைக் காட்டுங்கள்’ என்பதே. விற்பனைச் சான்றான படிவம் 21, சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22 ஆகியவற்றை அவர் தருவாரா என்பதையும் எழுத்தில் பெற வேண்டும்.

தம்மிடம் உள்ள வேனையே கேரவனாக மாற்ற விரும்புவோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். உற்பத்தியாளர் வகுத்த அடிப்படை அமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்துமுன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன்னனுமதி கிடைக்குமா என்று அறிந்துகொள்ளாவிட்டால், செலவிட்ட பணத்துடன் வண்டியின் பதிவும் சிக்கலுக்குள்ளாகும்.

வெளிமாநிலத்தில் பதிவான பழைய வண்டியை வாங்குவோர், ஓராண்டிற்கு மேல் கர்நாடகத்தில் வைத்திருப்பதாயின் இங்கு மறுபதிவு செய்ய வேண்டும். பழைய மாநிலத்தின் தடையில்லாச் சான்றும் இங்குச் செலுத்தும் சாலை வரியும் விலையோடு சேர்த்தே எண்ணத்தக்கவை. அடிச்சட்ட எண் பதிவுச் சான்றுடன் பொருந்துகிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2423 என்றிருந்தால் அது 2023ஆம் ஆண்டின் 24ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. அதிகம் ஓடாத டிரெய்லரில் டயர் தேயாமலே முதுமையடைந்திருக்கும். தரைப்பலகையைக் காலால் அழுத்திப் பார்த்தால் நீர் கசிந்து ஊறிய இடங்கள் தெரியும்.

கடன் பெறுவோர்க்கும் இவ்வாவணங்களே அடிப்படை. வாகனக் கடனில் வண்டியே வங்கிக்கு ஈடு. அந்த ஈட்டுரிமை படிவம் 34 மூலம் பதிவுச் சான்றில் குறிக்கப்படுகிறது. பதிவு செய்ய இயலாத வண்டியில் இக்குறிப்புக்கே இடமில்லை. அத்தகைய வண்டிக்காகத் தனிநபர் கடனை நாடுவோர் பொதுவாக உயர்ந்த வட்டியைச் செலுத்துவதோடு, காப்பீடற்ற சொத்து ஒன்றையும் சுமக்கின்றனர். கடன் முடிந்ததும் படிவம் 35 வழியாக அக்குறிப்பை நீக்கிக்கொள்ள மறக்கலாகாது. வண்டியில் பொருத்தப்பட்ட சூரிய மின்தகடு, குளிர்பெட்டி முதலியவற்றையும், கார் டிரெய்லரை இழுக்கும் என்பதையும் காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும்.

தீயும் புகையும்

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த தனியார் சுற்றுலாப் பெட்டி ஒன்றில் தீப்பற்றி 9 பேர் உயிரிழந்தனர். விதிக்குப் புறம்பாக உள்ளே கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையே காரணமாயிற்று. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்ட கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வெளியேறிய கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததே காரணம் எனத் தெரிய வந்தது. அவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோர் விழிப்பதற்கு முன்பே அது உயிரைப் பறித்துவிடும்.

இவ்விரு துயரங்களும் கற்பிப்பவை தெளிவானவை. ஜெனரேட்டரை இயக்கிக்கொண்டு வண்டிக்குள் உறங்கவே கூடாது. கரி அடுப்பைக் குளிர்காய உள்ளே கொண்டு வரக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே உருளை வைக்கும் அறை வெளிப்புறம் திறப்பதாகவும், அதன் அடிமட்டத்தில் காற்றுத் துளை உடையதாகவும் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் தீயணைப்பானும் விருப்பப் பொருள்கள் அல்ல; கட்டாயப் பொருள்கள். வாசல் அடைபட்டால் வெளியேற மற்றொரு பெரிய சாளரம் உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். இயன்றவரை சமையலை வெளியே பந்தலின் கீழ் வைத்துக்கொள்வதே மேல்.

மின்சாரம், தண்ணீர், கழிவு

100 ஆம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் ஈய மின்கலம் ஏறத்தாழ 1,200 வாட் மணி ஆற்றலைச் சேமிக்கும். அதன் ஆயுளைக் காக்க வேண்டின் பாதியளவே, அதாவது 600 வாட் மணியே, பயன்படுத்தத்தக்கது. விளக்குகளுக்கும் மின்விசிறிக்கும் கைப்பேசிகளுக்கும் இது போதும். சிறு குளிர்பெட்டியும் சேர்ந்தால் மின்கலம் ஓரிரவில் இளைத்துவிடும். ஒரு டன் குளிரூட்டி ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1,000 வாட் மணியை விழுங்கிவிடும். வெளி மின்னிணைப்பு இன்றி அதை எதிர்பார்ப்பது வீண். குடகிலும் சிக்கமகளூரிலும் இரவில் அதற்குத் தேவையே இராது. கோகர்ணம், உடுப்பி போன்ற கடற்கரை ஊர்களுக்குச் செல்வோர் மட்டும் மின்னிணைப்புள்ள இடத்தை முன்பதிவு செய்துகொள்ளலாம்.

கழிவறை உள்ள வண்டி வசதியானதே. ஆனால் அதன் தொட்டியை எங்கே காலி செய்வது என்ற கேள்விக்கு விடை காணாமல் வாங்கலாகாது. மேலை நாட்டு முகாம்களில் அதற்கெனத் தனியிடங்கள் உண்டு. இங்கு அவை அரிது. ஏரியிலும் ஓடையிலும் கொட்டுவது குற்றம் மட்டுமன்று, அந்த நீரைக் குடிக்கும் ஊருக்கு இழைக்கும் தீங்கு. தங்கும் விடுதி அல்லது தோட்ட உரிமையாளரின் ஒப்புதலுடன் கழிவுநீர்த் தொட்டியில் சேர்ப்பதே முறை.

நிறுத்துவதற்கு இடம்

ஆண்டில் 60 இரவுகள் பயணம் செய்யும் குடும்பத்தின் வண்டியும் எஞ்சிய 305 இரவுகள் பெங்களூரில்தான் நிற்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு காருக்கென ஒதுக்கும் இடம் பொதுவாக 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்டது. இழுவைத் தண்டுடன் சேர்ந்த டிரெய்லர் அதில் அடங்குமா, அடித்தளத்தின் உயரத்தில் கேரவன் நுழையுமா என்று அளவுநாடாவால் அளந்து பார்க்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் பெறுவது பின்னாளைய மனக்கசப்பைத் தவிர்க்கும். வாடகைக்கு இடம் பிடிப்பதாயின் அத்தொகையையும் மேற்கண்ட கணக்கில் சேர்த்துவிடுக.

பயணத்திலும் கண்ட இடத்தில் நிறுத்த இயலாது. வனப்பகுதியில் அனுமதியின்றித் தங்குவது வனச் சட்டங்களுக்கு எதிரானது. யானை நடமாடும் பாதையில் அது உயிருக்கும் ஆபத்து. காப்பித் தோட்டத் தங்குமனைகள், தனியார் முகாம்கள், வளாகம் உள்ள விடுதிகள் ஆகியவற்றில் முன்கூட்டியே பேசி, வண்டியின் நீள உயரங்களைக் கூறி, நுழைவாயிலின் அகலத்தையும் கேட்டறிந்து செல்வது நன்று.

முடிவாக

முதலில் இரவுகளை எண்ணுக. பின்னர் வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பார்க்க. அதன்பின் காரின் கையேட்டில் இழுவை வரம்பை அறிக. நிறுத்துமிடத்தை அளக்க. வகைச் சான்றைக் கையில் வாங்கிப் படிக்க. இவை யாவும் நிறைவேறிய பின்னரே முன்பணம் கொடுக்க. இவ்வரிசை தலைகீழாகும்போதுதான் கனவு வண்டி குடியிருப்பின் மூலையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும். தவணை மட்டும் மாதந்தோறும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆண்டுக்குப் பத்து இரவுகள் மட்டும் வெளியே தங்கும் குடும்பத்திற்கு நல்ல கூடாரம் ஒன்றும் அவ்வப்போது வாடகைக் கேரவனுமே போதும். மிச்சமாகும் தொகையை வைப்புநிதியில் இட்டு, அதன் வட்டியிலேயே பயணங்களை மேற்கொள்ளலாம். மாதம் ஐந்து இரவுகளாவது மலையிலும் கடலோரத்திலும் கழிக்க உறுதிபூண்டோர் சான்றிதழ் பெற்ற, எடை குறைந்த, எளிய வண்டியைத் தேர்ந்தெடுத்தால் அது பல்லாண்டு உடன் வரும். கடன் பெறுவது குறித்துக் கிளைக்கு வருவோர் வண்டியின் விலைப்பட்டியலோடு அதன் வகைச் சான்றின் நகலையும் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்த ஒரு தாளைத் தேடிப் பெறும் முயற்சியிலேயே, வாங்க வேண்டிய வண்டி எது, விலக்க வேண்டியது எது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.